மிஸிஸ் ருஷ்தியின் அன்பளிப்பு

பெட்டியைத் திறந்ததும் எழுந்த வார்னிஷ் வாடையில் ஸக்கியாவுக்குக் குமட்டியது. உள்ளே குட்டிக் குட்டி யானைகள், வாலிலிருந்து தும்பிக்கை வரை தங்கப் பூச்சு. ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். தங்கம் அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. யானையின் வயிற்றில் வெறும் பிளாஸ்டிக் பல்லிளித்தது.

"ஆனைக்கு மஞ்சக் காமாலை வந்திருச்சுக்கா. இதப் போய் யாருங்க்கா அனுப்புனது?" என்று கேட்டாள் சுகிர்தா.

கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸக்கியா அங்கே கல்யாணப் புடவைப் பகுதிக்குப் பொறுப்பு. சுகிர்தா காசு வாங்கும் மேசையில் இருப்பவள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஒரே பொதியைப் பிரித்துத் தின்கிற அளவுக்கு நெருக்கம்.

ஸக்கியா போனை எடுத்து, தோஹாவிலிருந்து வந்திருந்த குரலை ஓட விட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. ஆனை வந்து சேர்ந்திச்சா? சும்மா ஒரு மாதிரிக்கு நான்தான் அனுப்பச் சொன்ன. கெஸ்ட்டுக்குக் குடுக்கிற சாமான் முழுக்க ஒங்கட பொறுப்பு. வார எல்லாரும் பெரிய ஆக்கள். கையில எடுத்தாலே, இவங்க எங்கள நெனச்சி, யோசிச்சிக் குடுத்தீக்காங்க என்று வெளங்கணும். நீங்க இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது ராத்தா."

குரலில் பாகு சொட்டியது. கடைசி 'ராத்தா'வில் ஈ மொய்க்கும் போலிருந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஸனா. ஸக்கியாவின் கணவனாக இருந்த ருஷ்தியை இப்போது கணவனாக வைத்திருப்பவள். புருஷனை எடுத்துக்கொண்ட வாயால், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, வாய்க்கு வாய் ராத்தா என்கிறாள். இத்தனை வருஷமும் ஸக்கியாவின் பெயரைக் கூடச் சொல்லாதவளுக்கு இந்தக் கல்யாணப் பேச்சு எழுந்த பிறகுதான் அந்த உறவு ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணம் ஸக்கியாவின் மகளுக்கு. அவள் பெற்ற ஒரே பிள்ளை நதாவுக்கு.

மடவளையில் ஒரு சில்லறைக் கடைக்காரரின் ஒரே மகளாகப் பிறந்த ஸக்கியாவை, கைக்கடிகாரம் திருத்துகிற ருஷ்திக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் கட்டார் போனான். முதலில் மாதா மாதம் பேசினான். பிறகு பெருநாளைக்குப் பெருநாள் பேசினான். பிறகு ஒருநாள் ஸனாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஸக்கியா அழவில்லை, கத்தவில்லை. காதி மன்றத்துக்குப் போய் விடுதலை வாங்கிக்கொண்டாள். அப்போது நதா இரண்டாம் வகுப்பு.

ஆனால் ஒன்று மட்டும் அவளை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைமார் அவளை 'மிஸிஸ் ருஷ்தி' என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்தினால் பிள்ளையிடம் கேள்வி கேட்பார்கள், மற்றப் பிள்ளைகள் காதில் விழும் என்று பேசாமலிருந்தாள். கூப்பிடும்போதெல்லாம் வாயில் புளித்துப்போன பாலை ஊற்றியது போலிருக்கும். மகளுக்காக விழுங்கினாள். வளர்ந்த மகள் மேற்படிப்புக்கென்று வாப்பாவிடம் தோஹாவுக்குப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே அர்கம் என்ற மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் லண்டனில் இருப்பவர்கள். கல்யாணத்தை எல்லாருக்கும் பொதுவாக, தெல்தெனிய தாண்டி மலைக்கு மேலே, விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே தெரிகிற ஒரு ஹோட்டலில் வைப்பதென்று முடிவாயிற்று.

முடிவானதை ஸக்கியாவுக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். நதா போனில் சொன்னாள்.

"உம்மா, கெஸ்ட்டுக்குக் குடுக்கிற சாமான நீங்கதான் தேடி எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் எனக்குப் புடிக்காது."

அந்த ஒரு வாக்கியத்தில் தாயின் மனம் பாகாய் உருகிவிட்டது. சாப்பாடு அவர்களுடையது, மண்டபம் அவர்களுடையது, உடுப்பு அவர்களுடையது. இருக்கட்டும். வந்தவர்கள் கையில் கொண்டு போகிற பொருள் ஒன்றாவது பெற்றவள் கையிலிருந்து போகட்டும். அதைப் பார்த்து நாலு பேர் இது மணமகளுடைய உம்மா கொடுத்தது என்றால் போதும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு சுகிர்தாவோடு கடை கடையாக ஏறி இறங்கினாள். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று அடுக்கி வைத்திருக்கிற கடைகள். கை விரலளவு மேளங்கள், தட்டினால் தோல் கழன்று வந்தது. சந்தனம் என்று எழுதியிருந்த மெழுகுதிரி மலசலகூடம் கழுவும் மருந்து போல் மணத்தது. ஒரு கடைக்காரர் பெருமையோடு சொக்லட் ஒன்றை நீட்டினார். அதன் மேல் மணமகன், மணமகள் படம் அச்சடிக்கலாமாம், அப்படியே சாப்பிடலாமாம்.

"ஏன்ட மகள்ட மொகத்தக் கடிச்சித் திங்கவா?" என்றாள் ஸக்கியா.

"மாப்ள மூஞ்சிய மட்டும் கடிச்சிட்டு புள்ளய எடுத்து வச்சிக்கலாமேக்கா" என்று சுகிர்தா சொல்ல, கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஸக்கியாவுக்குத் தான் பார்த்த கல்யாணங்கள் எல்லாம் கண்ணில் ஓடின. விருந்து முடிந்த மண்டபத்தில், கதிரைகளுக்கடியில், எண்ணெய்க் கையால் துடைத்தெறிந்த கடதாசிகளோடு அந்த நினைவுப் பொருட்கள் கிடக்கும். ரிப்பன் கழன்றிருக்கும், மேலே ஒரு எலும்புத் துண்டு கிடக்கும். அன்பு, நினைவு என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதைக் கூட்டுமாற்றால் தள்ளிக்கொண்டு போவார்கள். யாரையும் நினைக்காமல் வாங்கிய பொருளை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள்.

"வாரவங்களுக்கு என்ன வேணும் என்று யாராவது யோசிச்சமா?" என்றாள். "எல்லாரும் வெளிநாட்டில ஈக்கிற ஆக்கள். அந்த வளைஞ்ச ரோட்டில ஏறினா கொடல் பொரளும். எறங்கினாலும் பொரளும். மழை வேற."

"மழைன்னா அட்டையும் வந்திரும்க்கா. அந்த ஓட்டல் புல்லுல சும்மா கால வச்சாப் போதும், வெரலுக்கு வெரல் ஏறும். எங்கம்மா கொழுந்து எடுக்கப் போறப்ப அட்டை மேசு போட்டுட்டுத்தான் போகும்."

ஸக்கியா அப்படியே நின்றுவிட்டாள்.

அட்டை மேசு. முழங்கால் வரை வருகிற, நெருக்கமாக நெய்த துணிக் காலுறை. அட்டையின் வாய் அதற்குள் நுழையாது. தானே வெட்டித் தைக்கலாம். வெள்ளைத் துணி வேண்டாம், மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணி ஞாபகம் வரும். கரும்பச்சைப் பொப்ளின் எடுக்கலாம். மேல் விளிம்பில் கட்டுகிற நாடா தங்க நிறத்தில் இருக்கட்டும், கல்யாணக் களை வேண்டுமே. அதோடு ஒரு சின்னத் துண்டு சவர்க்காரம், அட்டை ஏறினால் பிழிந்துவிட ஒரு தேசிக்காய், பஸ் குலுக்கலில் வாயில் போட்டுக்கொள்ள இஞ்சி டொபி. எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கொடுத்தால் யாராவது கதிரைக்கடியில் எறிவார்களா? காலில் போட்டுக்கொண்டல்லவா திரிவார்கள்.

கேட்ட ஸனாவுக்கு அருவருப்பு வந்தது. குரல் அனுப்பினாள்.

"ராத்தா, கல்யாணத்துக்கு யாராவது அட்டை பேரச் செல்லுவாங்களா? கேக்கவே ஒரு மாதிரி ஈக்கி. சரி, நதா அதுதான் வேணும் என்று புடிவாதம். ஆனா மத்த அட்டைய மறந்துடாதீங்க. பேர் அடிச்ச அட்டை. கொழும்பில சொல்லி அடிச்சிட்டேன். ஒவ்வொரு பேக்லயும் அட்டை கட்டாயம் தொங்கணும்."

"அட்டைய யாருக்கா கட்டுறது? அது தானா வந்து தொங்கும்" என்றாள் சுகிர்தா. ஸக்கியா அன்றைக்கு மனம்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெயர் அட்டைகள் வந்து சேரும் வரைக்கும்தான் நிலைத்தது.

அட்டைகளை நதாவே கொண்டு வந்தாள், ஸனாவோடு. விமானத்திலிருந்து இறங்கி நேராக ஹோட்டலுக்குப் போனவர்கள், மறுநாள் மத்தியானம் மடவளை வீட்டுக்கு வந்தார்கள். ஸனா வீட்டுக்குள் அடி வைத்த நேரத்திலிருந்து வாசனைத் திரவியம் நெய்ச்சோற்று மணத்தை அமுக்கிக்கொண்டு நின்றது. "ராத்தாட கை, ராத்தாட கை" என்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு, போன் வந்ததும் வெளியே நின்ற வானுக்குப் போனாள்.

ஸக்கியா கையைக் கழுவிவிட்டு ஆசையோடு ஒரு அட்டையை எடுத்தாள். தங்க எழுத்து. 'எங்கள் அருமை மகள் நதாவின் திருமண நினைவாக, அன்புடன், மிஸ்டர் அன்ட் மிஸிஸ் ருஷ்தி.'

ஒருமுறை படித்தாள். மறுமுறை படித்தாள். எழுத்து மாறவில்லை.

"இந்த மிஸிஸ் ருஷ்தி யாரு, மகள்?"

நதா தலையைக் குனிந்துகொண்டு கை மருதாணியைப் பார்த்தாள்.

"உம்மா, அதில ஒரு பொய்யும் இல்லையே. நம்மட ஊர் ஆக்கள் பாத்தா நீங்க என்று நினைப்பாங்க. அங்கத்த ஆக்கள் பாத்தா ஸனா சாச்சி என்று நினைப்பாங்க. யாருக்கும் மனக் கஷ்டம் இல்ல. நான் நல்லா யோசிச்சித்தான் போடச் சொன்ன."

"நீயா போடச் சொன்ன?"

"ஓ, நான்தான்."

ஸனா போட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். ருஷ்தி போட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்கும். இது வேறு. பாத்திரத்தின் அடியில் ஊசிப்போன கறியைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டது போல, நாக்கிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கசப்பு இறங்கியது. மகளுக்காக விழுங்கின அதே பெயர். அதை மகளே கழுவித் துடைத்து, இரண்டு பெண்களுக்குப் பொதுவாகத் தைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். எந்தக் காலிலும் ஏறுகிற மாதிரி.

"சரி, அங்க வந்து கட்டுறேன்" என்று மட்டும் சொல்லி அட்டைக் கட்டை மேசை மேல் வைத்தாள்.

கல்யாண நாள் காலை. வாடகை வானில் பைகளை ஏற்றிக்கொண்டு ஸக்கியாவும் சுகிர்தாவும் மலை ஏறினார்கள். மழை விட்டு விட்டுத் தூறியது. ஹோட்டல் வாசலில் வெள்ளைப் பூக்களால் வளைவு கட்டியிருந்தார்கள். கிட்டப் போனால் அது பிளாஸ்டிக். பூ மணத்துக்காக ஒருவன் ஒரு டப்பாவால் அதற்கு வாசனை அடித்துக்கொண்டிருந்தான். ஸக்கியா லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பைகளைத் தாழ்வாரத்து மேசையில் அடுக்கினார்கள். பெயர் அட்டைகள் தனியே கிடந்தன.

"கட்டலாமாக்கா?"

"கொஞ்சம் பொறு."

அப்போதுதான் புல்வெளியிலிருந்து ஒரு கூச்சல். வயதான பெண்மணி ஒருவர் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். கணுக்காலில் கறுத்துப் பருத்து ஒரு அட்டை. சுற்றி நின்ற பளபளப்பான பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்களே தவிர, ஒருவரும் கிட்டே வரவில்லை. ஸக்கியா ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து, தேசிக்காயைக் கடித்துப் பிழிந்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. இரத்தத்தைத் துடைத்து, பச்சை மேசு ஒன்றை மாட்டி இழுத்து விட்டு, தங்க நாடாவை முடிந்தாள்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றார் அந்தப் பெண்மணி. மேசுத் துணியைத் தடவிப் பார்த்தார். "இது நீங்க தைச்சதா? எவ்வளவு யோசிச்சித் தைச்சீக்கிறீங்க. நான் மாப்பிள்ளைட உம்மா, ருக்கியா. நீங்க யாரு?"

ஸக்கியா வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து பாகு சொட்டியது.

"இது ஏன்ட ராத்தா, மதினி. செல்லி இருந்தேனே, நதாட பெரியம்மா. எங்களுக்காக என்ன வேலையும் செய்வா."

ஸக்கியா திரும்பினாள். ஸனா நின்றாள், சிரித்தபடி. அவளுக்குப் பக்கத்தில் ருஷ்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி. அவனுக்குப் பக்கத்தில் நதா.

இத்தனை நாளும் காதில் ஒட்டிய அந்த ராத்தாவுக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அது பாசம் இல்லை, மரியாதையும் இல்லை. கல்யாணப் பந்தலில் பெற்றவளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த உத்தியோகம். ஸனாவின் ராத்தா என்றால் நதாவுக்குப் பெரியம்மா. அவ்வளவுதான். மாதக் கணக்கில் அவள் காதைப் பழக்கியிருக்கிறார்கள்.

அவள் ஸனாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். என் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லும் என்று பார்த்தாள். பத்து மாதம் சுமந்த வயிறு, காய்ச்சலில் நெஞ்சோடு அணைத்த கை, ஆசிரியைமார் முன் விழுங்கிய பெயர், எல்லாமாகச் சேர்ந்து பார்த்தன.

ருக்கியா சாதாரணமாகத்தான் கேட்டார். "அப்படியா நதா? ஒங்கட பெரியம்மாவா?"

நதாவின் உதடு அசைந்தது.

"ஓ மாமி. பெரியம்மா."

ஸக்கியாவின் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அது அழுகை இல்லை, குமட்டல். அட்டையைத் தொட்டபோது கூட வராத குமட்டல். எழுந்து நின்றாள். கையில் தேசிக்காய்ச் சாறும் இரத்தமும் பிசுபிசுத்தன. குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நான் ஏன்ட வாப்பாக்கு ஒரே புள்ள. எனக்குத் தங்கச்சி இல்ல."

ருஷ்தி, "ஸக்கியா, இந்த நேரத்தில போய்..." என்று ஆரம்பித்தான். அவன் தன் பெயரைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெயரும் அழுக்காகிவிட்டது போலிருந்தது.

ருக்கியா மாமி ஸக்கியாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நதாவின் முகத்தைப் பார்த்தார். அதே நெற்றி, அதே நாடி. கண்ணுள்ள யாருக்கும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

"இவதானா உம்மா?" என்றார்.

ருஷ்தி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

"எனத்துக்கு மறைச்சீங்க? நாங்க தலாக் நடந்த வீட்டில பொண் எடுக்க மாட்டோம் என்று யாரும் செல்லினாங்களா? ஏன்ட மூத்த மகளே விட்டுப் பிரிஞ்சவதான். புள்ளயோட ஏன்ட வீட்டிலதான் ஈக்கிறா. அவளப் பாத்தும் ஒங்களுக்கு இப்பிடி மறைக்கத் தோணிச்சா?"

ஸனாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோயிருந்தது, துடைக்க மறந்த பாகு மாதிரி. "நாங்க நல்லதுக்குத்தான் மதினி" என்று இழுத்தாள்.

தேவையே இல்லாத பொய். அதுதான் ஸக்கியாவை இன்னும் அருவருக்க வைத்தது. கத்தி முனையில் சொன்ன பொய் என்றால் மன்னிக்கலாம். இது விருந்துக்கு மேசை விரிப்புப் போடுகிற மாதிரி, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று விரித்த பொய். அதன் கீழே தாயைத் தள்ளி மூடியிருக்கிறார்கள்.

நதா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "உம்மா, மன்னிச்சிடுங்க உம்மா. கல்யாணம் நின்று போகும் என்று பயந்துட்டேன். உம்மா."

பிடித்த கையை ஸக்கியா உதறவில்லை. பிடிக்கவும் இல்லை. மகளின் கைக்குள் தன் விரல்கள் சும்மா கிடப்பதை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம் இது. அழத்தான் ஆசையும். உடம்பு கேட்கவில்லை.

"கல்யாணம் நிக்காது" என்றார் ருக்கியா மாமி. "மாப்பிள்ளைய நான் பாத்துக்கிறேன். போய் மொகத்தக் கழுவுங்க மகள்." பிறகு ஸக்கியாவிடம், "நீங்க என் பக்கத்தில வந்து இரிங்க" என்றார்.

"இருக்கிறேன். ஒரு வேலை ஈக்கி, முடிச்சிட்டு வாரேன்."

அவள் தாழ்வாரத்துக்குப் போனாள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயர் அட்டைக் கட்டை நீட்டினாள்.

"இத என்னக்கா செய்றது?"

"குப்பைக் கூடை எங்க ஈக்கி பாரு."

"குப்பக் கூடை கூட இத வேணாம்னு சொல்லும்க்கா" என்று முணுமுணுத்தபடி சுகிர்தா அதை எடுத்துக்கொண்டு போனாள்.

நிக்காஹ் முடிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால், விருந்தினர் வரிசையாகத் தாழ்வாரம் வழியாக வந்தார்கள். ஹோட்டல் ஆட்கள் பைகளைத் தாங்கள் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஸக்கியா விடவில்லை. மேசைக்கு முன்னால் நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தாள்.

"புல்லில எறங்க முந்திப் போட்டுக்கோங்க. டொபி வழிக்கு. நான் நதாட உம்மா."

தோஹாக்காரர்கள் சிலர் திகைத்தார்கள். சிலர் தூரத்தில் நின்ற ஸனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மடவளை ஆட்கள், தெரிந்ததை எதற்குச் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். ஸக்கியா யார் முகத்துக்கும் ஏற்றபடி வாக்கியத்தை மாற்றவில்லை. அடுத்த பை, அடுத்த கை. "நான் நதாட உம்மா." சொல்லச் சொல்ல, அத்தனை வருஷம் புளித்த வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாவது போலிருந்தது. மனம் மட்டும் சுத்தமாகவில்லை.

வரிசை ஓய்ந்தது. கடைசியில் ஒரு ஆள் மட்டும் நின்றது. தங்க இழை போட்ட கை, சிவந்த மருதாணி. முகத்தைக் கழுவி மறுபடி பூசியிருந்தாலும் கண் வீங்கியிருந்தது. கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மணமகள் எல்லா விருந்தாளிகளையும் போல இரண்டு கையையும் நீட்டினாள்.

ஸக்கியா ஒரு பையை எடுத்தாள். நாடா நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்தாள். மகளின் கையில் வைத்தாள்.

"புல்லில எறங்க முந்திப் போட்டுக்கோங்க" என்றாள், முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்வது போல. "நான் நதாட உம்மா."